வாத்தியம் ஒன்று, கலைஞர் வரவில்லை

எனக்கு மட்டாஞ்சேரியில் மைக் செட் கடை. இருபத்திரண்டு வருடமாகக் கூட்டங்களுக்கு மைக் கட்டுகிறேன். சத்தம் ஒழுங்காக வரும்வரை மேடையில் இருப்பவர்களுக்கு நான் ஒரு ஆளே அல்ல. கரகரத்தால் மட்டும் "ஏய் மைக்" என்பார்கள். என் பெயர் ஷாஃபி. பெயரை இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் அது முக்கியம்.

எங்கள் மலையாள ஊர்க் கூட்டங்களில் வரவேற்பு, தலைமை, திறப்பு எல்லாம் முடிந்தபின் ஆசம்ஸை என்று ஒன்று உண்டு. வாழ்த்துரைதான். நோட்டீஸில் 'ஆசம்ஸை' என்பதன் கீழே ஒருவர் பெயர் அச்சாகிவிட்டால், வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் அவர் வாழ்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வாழ்த்துமுன் மேடையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் பட்டத்தோடு சொல்ல வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் ஒரு வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. மேடையில் பத்துப் பேர் என்றால் பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரையும் சொல்லி முடிப்பதற்குள் கீழே இருப்பவர்கள் தங்கள் பெயரை மறந்திருப்பார்கள். இது எனக்குப் பழகிப்போன விஷயம். மாடத்தியக்காவுக்குத்தான் புதிது.

மாடத்தியக்கா தென்காசிப் பக்கம். பதினோரு வருடமாக பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை. முப்பத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்கைப் புடைத்துத் தரம் பிரிப்பார்கள். தூசி பொறுக்க முடியாது. மூக்கையும் வாயையும் சேர்த்து எல்லோரும் தோர்த்துத் துணியால் கட்டிக்கொள்வார்கள். அந்தத் துணிக்குள்ளிருந்து அக்கா விசிலடிப்பாள். ஊர்க் கோயில் கொடையில் கேட்ட நையாண்டி மேளத்தை நாதஸ்வரம் தனியாக, தவில் தனியாக வாயாலேயே வாசிப்பாள். முறம் எல்லாம் அந்தத் தாளத்தில் ஆடும். சூப்பர்வைசர் ஆஸிம் உள்ளே வந்து "யாரது?" என்று கேட்பார். முகம் எல்லாம் மூடியிருக்கும், கண்கள் எல்லாம் சுக்கில் இருக்கும். யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆஸிம் ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்பார், மூன்று தடவையும் பதில் இல்லாமல் போவார்.

போன வருடம் சுற்றுலா வந்த யாரோ கிடங்கு வாசலில் நின்று அதைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். 'மட்டாஞ்சேரி கிடங்கின் மர்மப் பறவை' என்று தலைப்பு. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அது என்ன பறவை என்று கீழே பெரிய சண்டை. அக்கா என் கடைக்கு வந்து அந்த வீடியோவை ஐந்து தடவை பார்த்தாள்.

"பறவைன்னு போட்டுருக்காங்க தம்பி."

"நல்லாத்தானே சொல்லியிருக்காங்க."

"நல்லாத்தான் சொல்லுதாங்க. என்னைச் சொல்லலியே." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குக் காசு வேண்டாம், துட்டு வேண்டாம். மூஞ்சிய மூடாம ஒரு தடவ ஊதணும். ஊதுனது மாடத்தின்னு மைக்ல சொல்லணும். அவ்ளோதான்."

அந்த வாரம்தான் அறியப்படாத திறமைகள் அகாடமியின் அறிவிப்பு வந்தது. யாரும் கண்டுகொள்ளாத எளிய மக்களைக் கண்டெடுத்து மேடையேற்றுவது அதன் வேலை. ஒன்பது வருடமாகக் கண்டெடுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை மொழிச் சிறுபான்மையினருக்கு என்று மட்டாஞ்சேரியிலேயே விழா. எனக்கு ரொம்பச் சந்தோஷம். கலூரில் இருந்த அவர்களுடைய ஆபீசுக்கு அக்காவை நானே கூட்டிக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நிகழ்ச்சி அலுவலர் ஸ்ரீநாத் இளவயதுக்காரர், தங்கமான பையன். சாயா வரவழைத்துக் கொடுத்தார். பிறகு ஒரு படிவம் கொடுத்தார்.

"அக்கா, முதல்ல அறியப்படாமைச் சர்ட்டிபிக்கட் வேணும். அறியப்பட்ட ரெண்டு பேர், உங்களைத் தெரியாதுன்னு ஒப்புப் போட்டுத் தரணும். குறைஞ்சது அஞ்சு கொல்லமா, அதாவது அஞ்சு வருஷமா, தெரியாம இருந்திருக்கணும்."

"என்னைத் தெரியாதவங்க எதுக்கு சார் எனக்குக் கையெழுத்துப் போடுதாங்க?"

"அதாணு ரூல். தெரிஞ்சவங்க போட்டா சிபாரிசு ஆயிடும்."

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். அக்காவைப் பார்த்தார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். கடைசியில் பேனாவை மூடிவிட்டார்.

"அரை மணி முன்னாடி வந்திருந்தா போட்டிருப்பேன். இப்பத் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சவளைத் தெரியாதுன்னு எழுதினா பொய்யில்லையா?"

அதற்குப் பிறகு அக்காவைத் தெருமுனையில் நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். ஒரு டாக்டரிடம், பெயர் இருந்த இடத்தில் என் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு படிவத்தை நீட்டினேன். அவர் எந்த விரலையும் கவனிக்காமல் போட்டுக்கொடுத்தார். இரண்டாவது கையெழுத்துக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அக்காவை நேராகக் கிடங்கு முதலாளியிடமே அழைத்துக்கொண்டு போனேன். பதினோரு வருடம் தன் கிடங்கில் புடைத்தவளை அவர் நிமிர்ந்து நன்றாகப் பார்த்தார். "சத்தியமா எனக்கு இவளைத் தெரியாது" என்று சொல்லி, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கையெழுத்திட்டார். அந்தக் கோப்பிலேயே முழு உண்மையாக இருந்த காகிதம் அது ஒன்றுதான்.

அடுத்தது பிரிவு. படிவத்தில் பாட்டு, ஆட்டம், வாத்தியம் என்று மூன்று கட்டம். விசிலுக்குக் கட்டம் இல்லை. ஸ்ரீநாத் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். பாட்டு என்றால் வரிகள் வேண்டும், வரிகளை மூன்று பிரதி முன்கூட்டிக் கொடுக்க வேண்டும். வரி இல்லை. ஆட்டமும் இல்லை. காற்றால் வருவதால் காற்று வாத்தியம் என்று எழுதினார்.

"வாத்தியத்தை விழா அன்னிக்குக் காலைல ஒம்பது மணிக்கு ஒப்படைக்கணும். சீல் வச்சு, டேக் கெட்டி வைப்போம். கழிஞ்ச கொல்லம் ஒரு செண்டை மேளம் களவு போயி."

"வாயத் தனியா எப்பிடி சார் தாரது?"

ஸ்ரீநாத் அதையும் யோசித்தார். "சாரமில்ல, பரவாயில்ல. வாத்தியத்தோட நீங்களும் வந்துடுங்க."

இதற்கு நடுவே ஒரு நாள் பயிற்சி முகாம் வேறு. பொன்னாடை போர்த்தும்போது எவ்வளவு குனிய வேண்டும், நினைவுப் பரிசை வாங்கும்போது கேமராவைப் பார்ப்பதா தலைவரைப் பார்ப்பதா, கண்ணீர் வந்தால் எந்தப் பக்கம் திரும்பித் துடைப்பது என்று மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வான பதினோரு பேரில் யாருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கலூர் ஓட்டல் ஒன்றில் பரோட்டா வீசும் விக்கி ஒரே நேரத்தில் ஐந்து பரோட்டாவை அந்தரத்தில் சுழற்றுவான். அவனுக்கு ஒரு சின்ன ரப்பர் விரிப்பைக் கொடுத்து, மேடையில் மாவு கூடாது, இதைச் சுழற்று என்றார்கள். அக்கா மட்டும் உற்சாகமாகவே இருந்தாள். ராத்திரிப் பாத்திரம் கழுவும்போதுகூட மூன்று நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுவதாகச் சொன்னாள், ஏனென்றால் அவளுக்கு ஒதுக்கியது மூன்று நிமிடம்.

விழா நாளும் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பம். ஐந்து மணிக்கு அதே மண்டபத்தில் கல்யாண வரவேற்பு, ஆகவே சரியாக ஐந்துக்குக் காலி செய்ய வேண்டும். நான் காலையிலேயே போய் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு அக்கா வந்தாள். மாம்பழ நிறச் சேலை, தலையில் பிச்சிப்பூ. தோர்த்தைக் கழுத்தில் போட்டிருந்தாள். பழக்கதோஷம் என்றாள். ஸ்ரீநாத் அவளுடைய மணிக்கட்டில் 'கா.வா. 7' என்று ஒரு அட்டையைக் கட்டி, 'காற்று வாத்தியம் ஒன்று, நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினார். மேடைக்குப் பக்கவாட்டில் திரைக்குப் பின்னால், என் ஆம்ப்ளிஃபயருக்கு அருகே, ஒரு ஹார்மோனியத்துக்கும் இரண்டு செண்டைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

சிக்கல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. கலைஞர்கள் வாசலில் இருக்கும் மேசைக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். அக்கா எழுந்தாள். காவலுக்கு நின்றவர் உட்காரச் சொன்னார். கலைஞர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வாத்தியத்தை வெளியே விட முடியும்.

"கலைஞரு நான்தான்யா."

"நீங்க வாத்தியம். பதிவேட்டுல இருக்கு."

நான் ஓடிப்போய் ஸ்ரீநாத்தைக் கூட்டிவந்தேன். அவர் இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வாத்தியம் வந்திருக்கு. கலைஞர் வரல. இனி கலைஞர் வந்தா நோக்காம், அப்பப் பாக்கலாம்" என்று சொல்லி, பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதிவிட்டு, பொக்கே வாங்கப் போய்விட்டார். அக்கா எதிரே இருந்த ஹார்மோனியத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பொட்டலம் கலைஞர்களுக்கு மட்டும் என்பதால் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பாதியாக்கிக் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு ஒரு நாற்காலி தவிர மேடை நிறைந்தது. பத்தொன்பது நாற்காலி. நோட்டீஸிலும் பத்தொன்பது பெயர், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரிப் பட்டம். கலைஞர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அகாடமித் தலைவர் வெங்கிடேஸ்வரன் அதற்கும் தலைமையுரையிலேயே விளக்கம் சொல்லிவிட்டார்.

"கலைஞர்கள் பெயரை ஏன் நோட்டீஸில் போடவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். போட்டால் அவர்கள் அறியப்பட்டுவிடுவார்கள். அறியப்பட்டபின் அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இவர்களுடைய அறியப்படாமையை இந்த அகாடமி ஒன்பது வருடமாகக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வருகிறது. இதுவரை ஒருவர்கூட வெளியே தெரிந்துவிடவில்லை என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

மேடை கைதட்டியது. கீழே மூன்றாவது வரிசையில் கிடங்குப் பெண்கள் முப்பத்தொரு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடை தட்டுகிறதே என்று அவர்களும் தட்டினார்கள்.

பிறகு ஆசம்ஸை. ஒவ்வொருவரும் பதினெட்டுப் பெயர் சொன்னார்கள். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பெயருக்கு மட்டும் நான்கு நிமிடம். ஏழாவதாக வந்தவர் உருக்கமாகப் பேசினார். "வாய்ப்புக் கிடைக்காதவர்களின் வலி எனக்குத் தெரியும். போன வருடம் எனக்கு மூன்றாவது இடம் தந்தார்கள், இந்த வருடம் ஏழாவது. ஆனாலும் நான் வந்தேன்." குரல் தழுதழுத்தது. எந்தப் பக்கம் திரும்பித் துடைப்பது என்று அவருக்குப் பயிற்சி இல்லாததால் மைக்கிலேயே மூக்கை உறிஞ்சினார், நான் சத்தத்தைக் குறைத்தேன். பன்னிரண்டாவது ஆள் எளிய மக்களின் குரலை நாம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினார்.

அக்கா ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்தாள். முதல் ஒரு மணி நேரம், தன் பெயர் எங்காவது நடுவில் வரும் என்று அவள் நம்பியது எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது கஷ்டமாக இருந்தது.

நான்கரை மணிக்குக் கல்யாண வீட்டு ஆட்கள் பூக்கூடைகளோடு வாசலில் வந்து நின்றார்கள். ஸ்ரீநாத் திரைக்குப் பின்னால் வந்தார்.

"அக்கா, சமயம் தீர்ந்து. கலை நிகழ்ச்சி எல்லாம் கேன்சல். வருத்தம் வேண்டாம், பொன்னாடை வீட்டுக்கு அனுப்புவோம்."

"இன்னும் மூணு பேரு பேச இருக்கே சார். அத நிறுத்தக் கூடாதா?"

"ஐயோ, அது நோட்டீஸில அச்சடிச்சதாச்சே. நிறுத்தினா எல்லாருக்கும் தெரியும். உங்க பேர் அதுல இல்லாதது எத்தர நல்லதா போச்சு. கேன்சல் செய்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம். அக்கா தலையிலிருந்த பூவைச் சரிசெய்தாள்.

பதினேழாவது ஆள் முடித்தார். "அடுத்து ஆசம்ஸை, திருப்பூணித்துறை மகளிர் மன்றத் தலைவி திருமதி காமாக்ஷி அவர்கள்" என்று அறிவித்தார்கள். பதினெட்டாவது நாற்காலி அப்போதும் காலி. காமாக்ஷி அம்மாள் எந்தப் பாலத்துப் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டாரோ. மறுபடி அறிவித்தார்கள். மேடை முழுவதும் ஒரு பதற்றம். அச்சான ஆசம்ஸை ஒன்று நடக்காமல் போவது அகாடமி வரலாற்றிலேயே கிடையாது. வெங்கிடேஸ்வரன் கையிலிருந்த பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவருக்குப் பதில் யாராவது வந்து நடத்திவையுங்கோ, சீக்கிரம்" என்றார்.

அக்கா எழுந்தாள்.

காவல்காரர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குறுக்கே வந்தார், வாத்தியம் கையெழுத்து இல்லாமல் போகக் கூடாது. நான் அவருடைய கையில் ஒரு வயரைக் கொடுத்து, இதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டால் ஷாக் அடிக்கும் என்றேன். அது எங்கும் இணைக்காத வயர். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்போது திருமதி காமாக்ஷி அவர்கள்" என்று மறுபடி ஒலித்தது. அக்கா மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். மணிக்கட்டில் அட்டை தொங்கியது. கழுத்தில் கிடந்த தோர்த்தை எடுத்து மடித்து மேசையில் வைத்தாள்.

"மேடையில இருக்க எல்லாருக்கும் வணக்கம். உங்க பேரெல்லாம் மத்தியானத்துலருந்து கேட்டாச்சு. நான் காமாக்ஷி இல்ல. எம் பேரு மாடத்தி. பஜார் ரோட்டுல சுக்கு புடைக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்ட மிகச் சிறிய ஆசம்ஸை. என்னிடம் இருந்த எல்லாச் சத்தத்தையும் ஏற்றிவிட்டேன்.

ஊதினாள். துணியில்லாமல் அவள் ஊதி நானும் அன்றுதான் கேட்டேன். முதலில் நாதஸ்வரம் ஒற்றையாகப் போய் மண்டபத்து மூலைகளைப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு தவில் சேர்ந்தது. ஒரே வாயில் இரண்டும் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மேடையில் பேசி முடித்ததிலிருந்து தூங்கிய பதினொன்றாவது ஆள் விழித்து, தன் பெயரைத்தான் கூப்பிட்டார்களோ என்று எழுந்து நின்றுவிட்டார். கல்யாண வீட்டு ஆட்கள் பூக்கூடையைத் தலையிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றார்கள். கீழே கடைசி வரிசையில் விக்கி ரப்பர் விரிப்பைச் சுழற்ற ஆரம்பித்திருந்தான். கிடங்குப் பெண்கள் கைதட்டவே இல்லை. முப்பத்தொரு பேரும் மடியில் இல்லாத முறத்தைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் அழுதேன், எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

சரியாக மூன்று நிமிடம். முடித்து, தோர்த்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மண்டபம் இரண்டாகப் பிளந்த மாதிரிக் கைதட்டல். அது அடங்கும்வரை காத்திருந்த வெங்கிடேஸ்வரன் பட்டியலில் பதினெட்டாம் எண்ணுக்கு நேராக ஒரு டிக் அடித்தார்.

"காமாக்ஷி அம்மா வழக்கம்போலச் சுருக்கமாகவும் பொருளோடும் பேசினார். அடுத்து பத்தொன்பதாவதாக..."

அகாடமியின் அறிக்கையில் திருமதி காமாக்ஷியின் கருத்துகள் அவையைக் கவர்ந்ததாக இருக்கிறது. இருபது நாள் கழித்துத் தோப்பும்படியில் ஒரு வாசகசாலை ஆண்டு விழா நோட்டீஸில் 'சீழ்க்கை இசை: திருமதி காமாக்ஷி' என்று அச்சடித்திருந்தார்கள். அவருக்கு ஊதத் தெரியாது. ஆனால் நோட்டீஸில் பெயர் வந்துவிட்டதே, போனார். மைக் என்னுடையதுதான். அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

மாடத்தியக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. மலையாளத்தில் இருந்ததால் வாசிக்கச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்கே போய் எல்லோர் நடுவிலும் தமிழாக்கிச் சொன்னேன். குறித்த நாளில் கலைஞர் வராததால் தங்கள் அறியப்படாமை மேலும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. வாத்தியம் அனுமதியின்றி ஒலித்தது குறித்து விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. பொன்னாடை கையிருப்பில் இல்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடுத்த வருசமும் தெரியாதவளாமா நான்? சரி, இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிக் கடிதத்தை முறத்துக்கு அடியில் வைத்தாள்.

மணி அடித்தது. பெண்கள் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் துணிக்குள்ளிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. ஆஸிம் வழக்கம்போல உள்ளே வந்தார்.

"யாரது?"

வழக்கமாக முறச் சத்தம்தான் பதிலாக வரும். அன்று வரிசையின் கோடியில் இருந்த மகா என்ற பெண் தலையைத் தூக்கினாள்.

"மாடத்தி."

அவளுக்கு அடுத்தவளும் மாடத்தி என்றாள். அதற்கடுத்தவளும். கண்ணைச் சுக்கிலிருந்து எடுக்காமலேயே, ஒவ்வொரு துணிக்குள்ளிருந்தும் அந்தப் பெயர் வரிசையாக வந்தது. முப்பத்தொரு தடவை. மேடையில் எந்தப் பெயரையும் அத்தனை தடவை நான் கேட்டதில்லை. கடைசியில் அது அக்காவிடம் வந்து நின்றது. அவள் துணிக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

ஆஸிம் தலையைச் சொறிந்தார். முதலாளி அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"எல்லாரும் அஞ்சு நிமிஷம் முறத்தைக் கீழ வைங்க, தூசி அடங்கட்டும்" என்றார். "மாடத்தியக்கா, அந்தத் துணியை எடுத்துட்டு ஊதுங்க. இங்ஙன சரியா கேக்கல."

முறங்கள் நின்றன. தூசி மெதுவாக இறங்கியது. யாரும் வரவேற்புரை சொல்லவில்லை.